குதிகாலில் கரும்புள்ளிகள்

"சின்னம்மா, இந்த மருவையெல்லாம் நீ யாருக்குக் குடுக்கப் போற?"

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை பூங்குழலி இப்படிக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய சித்தப்பன் மனைவி கலைமணி, தன் விரல்களில் இருந்த மருக்களை எண்ணி, மருவுக்கு ஒரு மிளகாக எடுத்துக் கல்லுப்போடு சேர்த்து ஒரு துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

"குடுக்கிறதுக்கு அதென்ன முறுக்கா?" என்று கலைமணி சிரித்தாள். "கோயிலுக்குப் போற முச்சந்தியில வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். யாரு எடுக்கறாங்களோ அவங்களுக்குப் போயிரும்."

"யாருமே எடுக்கலீன்னா?"

"ஏன் கண்ணு, இத்தனை கேள்வி. போய் வெளையாடு."

அந்தக் கடைசிக் கேள்விக்குக் கலைமணி பதில் சொல்லியிருந்தால் இரண்டு வீடுகளின் நிம்மதி கெட்டிருக்காது. ஆனால் பிள்ளைகளின் கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்ல நம்மில் யாருக்கு நேரம் இருக்கிறது?

கலைமணியின் மருக்கள் சில மாதங்களில் உதிர்ந்தன. அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அதன் பிறகு பூங்குழலியின் வலது கையில் ஒன்று முளைத்தது. பிறகு இன்னொன்று. இப்போது ஆள்காட்டி விரலைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கிறது. "அந்த முடிச்சை நாந்தான் எடுத்தேன்" என்று பிள்ளை போன வாரம் வாய்தவறிச் சொன்னதும், தாய் சங்கீதா நேரே கோயில் வாசலுக்குப் போனாள். கும்பிட வந்த பெண்களெல்லாம் கேட்க, "ஊட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு எம் புள்ளை மேல எறக்கி வெச்சுட்டா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பேச்சு காதுக்கு வந்ததும் கலைமணி கைவேலையை அப்படியே போட்டாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

சனிக்கிழமை காலை. மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் பனி இன்னும் விலகவில்லை. பூங்குழலியின் விரல் வீங்கிச் சிவந்திருந்தது. அவளுடைய அப்பா பூபதி யாரோ சொன்னதைக் கேட்டுச் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து மருவின்மேல் வைத்துவிட்டான். மரு அப்படியே இருந்தது. பக்கத்துத் தோல்தான் வெந்துபோயிற்று.

"நானும் ஆஸ்பத்திரிக்கு வரட்டா?" என்று பூபதி கேட்டான்.

"வாங்க. யாரு இப்படிப் பண்ணுனதுன்னு டாக்டரம்மா கேப்பாங்க. நீங்களே சொல்லிக்குங்க."

பூபதி கொஞ்ச நேரம் யோசித்தான். "காட்டுல வேலை கெடக்குது" என்று சொல்லி அரிவாளை எடுத்துக்கொண்டான்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான குழாயடியில் கலைமணி குடம் வைத்திருந்தாள். அவள் பக்கத்தில் கணவன் மணிவண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். இருவரும் எங்கோ கிளம்பியிருந்தார்கள். பூங்குழலி பழக்கத்தில் கையைத் தூக்கி, "சின்னம்மா" என்றாள். சங்கீதா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். புண் விரலில் பட்டுப் பிள்ளை துடித்துப் போனாள்.

கலைமணி குடத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "விரல்ல தண்ணி படாம பாத்துக்குங்க, அக்கா."

சங்கீதா காதில் வாங்காதவள் போலக் கிந்திக் கிந்தி நடந்தாள். இடது குதிகாலில் அவளுக்கு ஓர் ஆணி. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டுக்கொள்வதில்லை. வலித்தால் பிளேடால் சீவுவாள். குழாயடியில் கிடக்கும் சொரசொரப்பான கல்லில் தேய்ப்பாள். மலையில் யாருக்குத்தான் காலில் ஒன்றும் இல்லை?

*

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று கூட்டம் அதிகமில்லை. டாக்டர் ஸ்டெல்லா தென்காசிப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்து இரண்டு குளிர்காலம் கண்டுவிட்டார். இன்னமும் ஸ்வெட்டரைக் கழற்றியபாடில்லை.

"சுண்ணாம்பா, ஆசிட்டா?" என்று விரலைப் பார்த்ததும் கேட்டார்.

"சுண்ணாம்புங்க. அவிங்க அப்பா."

"அப்பா வரலியா?"

"காட்டுல வேலைங்க."

"இருக்கும், இருக்கும்" என்றார் டாக்டர். புண்ணைக் கழுவிக் களிம்பு தடவிக் கட்டுப் போட்டார். பிறகு மற்ற விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு மருந்து இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

பூங்குழலி கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மருந்து வேண்டாங்."

"வலிக்காது சாமி. ஊசி இல்ல."

"ஊசி போட்டாலும் பரவால்லீங். மரு போக வேண்டாங்."

சங்கீதாவுக்குக் கோபம் வந்தது. "என்னடி பேசற? பள்ளிக்கூடத்துல ஒருத்தியும் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாளுகன்னு அழுதியே?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவசரம் இல்லாத மனிதர் ஒருவர் எதிரில் இருந்தால் பிள்ளைகள் தாமாகவே பேசிவிடுவார்கள்.

"என்கிட்டயிருந்து போச்சுன்னா, மறுபடியும் சின்னம்மாவுக்குத்தானே போகும்?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலீங். அந்த முடிச்சை யாருமே எடுக்கலீங். நான் மூணு நாளாப் பள்ளிக்கூடம் போறப்பப் பாத்தேன். எடுக்கலீன்னா சின்னம்மாவுக்கு மரு உதிராது இல்லீங்களா? அதான் நான் எடுத்துட்டு வந்து நம்ம மிளகோட போட்டுட்டேன்."

தெரியாமல் எடுத்துவிட்டாள் என்றுதான் சங்கீதா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

டாக்டர் ஸ்டெல்லா பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "பூங்குழலி, நீ நல்ல பிள்ளை. ஆனா மரு அப்படி வராது. மிளகுக்கும் துணிக்கும் அதுல ஒரு பங்கும் கிடையாது. வைரஸ்னு ஒரு கிருமி. சளி பிடிக்கிறதுக்கு ஒரு கிருமி இருக்குல்ல, அது மாதிரி இது தோலுக்கு. தோல்ல சின்னக் கீறல், வெடிப்பு இருந்தா உள்ள போயிடும். போன உடனே தெரியாது. மாசக்கணக்குல உள்ளேயே இருந்துட்டு அப்புறமாத்தான் முளைக்கும். அதனால எப்ப வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப சின்னம்மாவுக்கு மரு எப்படி உதிந்துச்சு?"

"நிறையப் பேருக்குத் தானாவே போயிரும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டுக்கிட்டா அதுவே விரட்டிரும்."

"சாமி போக்கலீங்களா?"

டாக்டர் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிறிய சிலுவையைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். "உடம்புக்கு அந்தப் புத்தியைக் குடுத்தது யாரு? அவரேதான். நீ மருந்து போட்டுப் போனாலும் அது உங்க சின்னம்மாகிட்டத் திரும்பிப் போகாது. இது சத்தியம்."

பூங்குழலி முதுகுக்குப் பின்னாலிருந்து கையை மெல்ல எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மருந்து ஒரு சிறிய பாட்டில்தான். புண் ஆறிய பிறகுதான் அந்த விரலில் போட வேண்டும், மற்ற விரல்களில் இன்றே தொடங்கலாம் என்றார் டாக்டர். தினமும் படுக்கப் போகுமுன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, செத்த தோலை மெதுவாகத் தேய்த்துவிட்டு, சுற்றிலும் வாசலின் தடவிக்கொண்டு, மருவின்மேல் மட்டும் ஒரு சொட்டு. நல்ல தோலில் பட்டால் எரியும். முகத்தில் போடவே கூடாது.

"ஒரு வாரத்துல போயிருங்களா?"

"போகாது. ரெண்டு மூணு மாசம் விடாமப் போடணும். பாதியில நிறுத்துறவங்கதான் மருந்து கேக்கலைன்னு சொல்றவங்க. அதுக்கும் அடங்கலைன்னா நாமக்கல்லுல தோல் டாக்டர்கிட்ட அனுப்புறேன். குளிர்ல உறைய வெச்சு எடுப்பாங்க, இல்ல சுட்டு எடுப்பாங்க. கொஞ்சம் வலிக்கும். சில சமயம் திரும்பவும் வரும். எதுக்கும் அவசரம் வேண்டாம்." பிறகு கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்களுக்கு இல்லீங்க. பக்கத்து ஊட்டுல அவளுக்குத்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுந்த சங்கீதா, இடது காலை ஊன்றியதும் முகம் சுளித்தாள்.

"காலுக்கு என்ன?"

"அது ஆணிங்க. ரெண்டு வருஷமா."

"காட்டுங்க."

"அழுக்குக் காலுங்க, டாக்டரம்மா."

"நான் பாக்காத காலா? உக்காருங்க."

டாக்டர் விளக்கை இழுத்துப் பிடித்துக் குதிகாலைப் பார்த்தார். நேராக அழுத்தினார். சங்கீதாவுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. இரண்டு விரலால் பக்கவாட்டில் கிள்ளிப் பிடித்தார். சங்கீதா பல்லைக் கடித்தாள். மேல் தோலைக் கொஞ்சம் சீவியதும் உள்ளே கடுகு தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தன.

"இது ஆணி இல்லம்மா. இதுவும் மருதான். உடம்பு பாரம் முழுக்க மேல இருக்கறதால வெளிய வளராம உள்ள அமுங்கிக் கெடக்கு. இந்தப் புள்ளியெல்லாம் அடைச்சுப்போன ரத்தக்குழாய். சர்க்கரை வியாதி இருக்கா?"

"இல்லீங்க."

"நல்லது. அப்ப இதே மருந்தை நீங்களும் போடலாம். இதை என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க இத்தனை நாளும்?"

"சீவுவேனுங்க. கல்லுல தேய்ப்பேன்."

"அந்தக் கல்லை வேற யாரு தொடுவாங்க?"

சங்கீதா மகளின் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி வந்தால் பிள்ளையின் கையில் ஏறிய மண்கறையை அந்தக் கல்லில்தான் அவள் தேய்த்துவிடுவாள். கலைமணியும் அதிலேதான் கையைத் தேய்த்துக் கழுவுவாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கல்.

"எல்லாருந்தானுங்க" என்றாள்.

"அதைத் தூக்கிப் போட்டுருங்க. கல்லு, துண்டு, பிளேடு எல்லாம் அவங்கவங்களுக்குத் தனித்தனி. காலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு நடங்க. நாலு பேர் மிதிக்கிற இடத்துல வெறுங்காலோட நிக்காதீங்க. மிளகுக் கொத்தைக் காலால மிதிச்சு உதிர்ப்பீங்களா?"

"இந்தக் காலோட எங்கீங்க மிதிக்கிறது. ரெண்டு வருஷமா எங்க ஊட்டு மிளகையும் சேத்து அவதான் மிதிக்கிறா."

"யாரு?"

"கலைமணிங்க. எங்க கொழுந்தன் ஊட்டுக்காரி." குரல் தேய்ந்துபோயிற்று. "அப்ப... என்கிட்டயிருந்துதான் அவளுக்கும் போயிருக்குங்களா?"

டாக்டர் உடனே தலையை ஆட்டிவிடவில்லை. "அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துலயும் வரும், பஸ் கம்பியிலயும் வரும். யார்கிட்டயிருந்து யாருக்குன்னு எழுதி ஒட்டிக்கிட்டு வராது. ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு முடிஞ்சு வெச்ச மிளகால உங்க பிள்ளைக்கு வரல. அதை எங்க கேட்டாலும் சொல்லுவேன்."

*

திரும்பும் பேருந்தில் மாதம்மாள் இடம் போட்டு வைத்திருந்தாள். கோயில் வாசலில் அன்று எல்லோருக்கும் முன்னால் நின்று கேட்டவள் அவள். கேட்டதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவளே.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? செய்வினைதானே?"

"செய்வினைக்கு அவங்க எதுக்கு. கிருமின்னாங்க."

"கிருமியும் யாராச்சும் ஏவி விட்டாத்தானே வரும்." மாதம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு விசயம் தெரியுமா? மணிவண்ணன் மலைக்குக் கீழ சேந்தமங்கலத்துல ஊடு பாத்துட்டானாம். இன்னிக்குப் புருசனும் பொண்டாட்டியும் அதைப் பாக்கத்தான் போயிருக்காங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை சாமானை எறக்கறாங்களாம். போவட்டும். அவ மிளகு மிதிக்க ஒத்தாசைக்கு ஒருத்தியும் போவலியே. நான்தான் எல்லார்த்துகிட்டயும் சொன்னேன், அவ சாக்குல காலை வெக்காதீங்கன்னு. மூட்டையிலயே கெடந்து வேகுது."

சங்கீதா சன்னல் பக்கம் திரும்பினாள். பேசாமல் இருந்துவிடலாம். பேருந்து வளைவில் திரும்பும்போது எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பார்கள், பேச்சு தானாக மாறிவிடும். மனம் அப்படித்தான் வழி காட்டியது. ஆனால் மடியில் பூங்குழலி இருந்தாள். அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் கேட்கச் சொன்ன பொய்யை நாலு பேர் கேட்கத்தான் திரும்ப எடுக்க வேண்டும். இதைக் கடவுள் எல்லோருக்கும் உள்ளே எழுதி வைத்திருக்கிறார். படிக்கத்தான் நமக்குப் பிடிப்பதில்லை.

"மாதம்மாக்கா, அது கலைமணியால வந்ததில்ல" என்றாள் சங்கீதா. முன் இருக்கைப் பெண்களும் திரும்பினார்கள். "என் கால்ல இருக்கறதும் மருதானாம். என்கிட்டயிருந்துகூட எம் புள்ளைக்கு வந்திருக்கலாம்."

"உன் கால்லயா? ஆணின்னு சொன்ன?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

மாதம்மாள் சங்கீதாவின் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் காலைச் சத்தமில்லாமல் இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க" என்றாள் சங்கீதா. "பிளாஸ்திரி போட்டிருக்குது. ஊட்டுக்குப் போயி நீங்க சொன்னதை நீங்களே எல்லார்த்துகிட்டயும் மாத்திச் சொல்லீருங்க. உங்களாட்டம் வெரசாச் சொல்ல என்னால ஆகாது."

முன் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். மாதம்மாளுக்கு முகம் சுருங்கியது. ஆனால், "சொல்றேன், சொல்றேன்" என்றாள். சொல்லுவாள். அவளிடம் ஒரு செய்தி தங்கியதாகச் சரித்திரமே இல்லை.

*

வீட்டுக்கு வந்ததும் சங்கீதா செய்த முதல் வேலை, குழாயடிக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் ஆழமாகக் குழி பறித்து மூடியதுதான். பிள்ளைக்குச் சோறு போட்டு, அவளைத் தூங்கச் சொன்னாள். வலியும் களைப்புமாகப் பிள்ளை படுத்ததும் தூங்கிவிட்டாள்.

கலைமணியின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் கொட்டகையின் கீழ் மூன்று சாக்கு மூட்டைகள். கொடியிலிருந்து பறித்த மிளகுக் கொத்துகளை ஓரிரு நாள் மூட்டையில் கட்டி வைத்தால் காம்பு இளகும், மிதிக்கும்போது மணி எளிதாக உதிரும். அதற்கு மேல் வைத்தால் சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும். சங்கீதா ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. இன்று எடுத்தால் பிழைக்கும்.

காலால் மிதிக்கக் கூடாது. டாக்டர் சொல்லாவிட்டாலும் இந்தக் காலை அவள் கலைமணியின் மிளகின்மேல் வைத்திருக்க மாட்டாள்.

தன் வீட்டிலிருந்து துவைத்த சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கொத்தை அள்ளிப் போட்டு, இன்னொரு சாக்கை மேலே மூடி, உள்ளங்கையால் அழுத்திக் கசக்கினாள். கால் செய்கிற வேலையைக் கை செய்வது லேசல்ல. ஒரு மூட்டை முடிவதற்குள் உள்ளங்கை எரிந்தது. இரண்டாவது மூட்டையில் தோள் இறங்கிவிட்டது. கலைமணி இதைத்தான் இரண்டு வருடமாக, தன் வீட்டு மிளகை முடித்துவிட்டு இவள் வீட்டு மிளகிலும் ஏறி நின்று, ஒரு நாளும் சொல்லிக் காட்டாமல் செய்திருக்கிறாள். "நீங்க உக்காருங்க அக்கா, கால் வலியோட" என்பாள். உட்கார்ந்திருந்தது எவ்வளவு எளிதாக இருந்தது.

சங்கீதா அழவில்லை. அழுதால் கண்ணைத் துடைக்க வேண்டும். மிளகு பட்ட கையால் கண்ணைத் துடைக்க முடியாது.

மூன்றாவது மூட்டை முடிந்தபோது வெயில் மரவள்ளிக் காட்டைத் தாண்டியிருந்தது. உதிர்ந்த மணிகளை முறத்தில் புடைத்து, காம்பைக் கூட்டி ஓரம் தள்ளி, மிளகைக் கூடைகளில் பரப்பி வைத்துப் பனி படாமல் சாக்கால் மூடினாள். நாளைக் காலை வெயிலில் காயப்போட வேண்டியதுதான் பாக்கி. அதைக் கலைமணி செய்துகொள்வாள். தன்னுடைய சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கீழே வளைவில் மாலைப் பேருந்தின் ஹாரன் கேட்டது. சங்கீதா முன்வழியாகப் போகாமல், காட்டைச் சுற்றிப் பின்பக்கமாக வீட்டுக்குள் வந்து சேர்ந்தாள்.

பூபதி அடுப்பங்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "ஏம்புள்ள, கையெல்லாம் இப்படிச் செவந்திருக்குது?"

"மிளகுங்க."

"நம்ம மிளகு மூட்டை அப்படியேதானே கெடக்குது?"

"நாளைக்குப் பாத்துக்கலாம். உக்காருங்க, சோறு போடறேன்."

பக்கத்து வீட்டில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. மணிவண்ணன் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பற்றி ஏதோ சொன்னான். கலைமணியின் காலடி கொட்டகைப் பக்கம் போயிற்று. அங்கேயே நின்றது. வெகுநேரம் நகரவில்லை. மணிவண்ணன் இரண்டு முறை அவளைக் கூப்பிட்டான்.

சங்கீதா தலையைத் தூக்காமல் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.